இந்த முடிவு தோற்கும் நாள்

ஜெனிட்டா விட்டுப்போனவை இருபத்து மூன்று தாள்கள். இருபத்திரண்டை அலுவலகத்தில் ஆளுக்கு நாலைந்தாகத் தத்து எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் ஒன்று, தாள் பதினேழு. அவள் கணவன் பிரிட்டோவின் திரையில் அது எண்பத்தெட்டு நாளாகத் திறக்கப்படாமல் கிடந்தது.

ஆகஸ்டில் அவளுக்குக் காய்ச்சல். ஐந்து நாள். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை சுகந்தி அவன் மேசைக்கு வந்தாள். குழுத்தலைவி. கூப்பிட்டு அனுப்பாமல் தானே வந்து நின்றால் விஷயம் பெரியது.

“சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி, பிரிட்டோ. அதுக்கு மேல என் கையில இல்ல.”

“தெரியும் மேடம்.”

“சென்னையிலேர்ந்து தாள் அறுபது வந்திருக்கு. நாப்பத்தோரு மதகையும் ஒரே மூளையில கட்டறாங்க. உங்க பதினேழு காலாவதியாயிட்டா அவங்களுக்குச் சுலபம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “உண்மையச் சொல்லணும்னா எனக்கும் சுலபம்.”

அவன் தலையாட்டினான். மூன்று மாதமாக எல்லாவற்றுக்கும் அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்தான்.

நாகப்பட்டினத்துக் கரையில் ஆறுகளும் வடிகால்களும் கடலில் விழும் நாற்பத்தோரு இடங்களில் இரும்பு மதகுகள் நிற்கின்றன. கடல் ஏறினால் மூட வேண்டும். உள்ளே மழைநீர் ஏறினால் திறக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஊர் முழுகும். எப்போது எதைச் செய்வது என்று மதகுகளுக்குச் சொல்லும் மென்பொருள்தான் அந்த அலுவலகத்தின் பொறுப்பு. ஆறு பேர் இருந்தார்கள். இப்போது ஐந்து.

ஐந்து பேரில் ஒருவரும் நிரல் எழுதுவதில்லை. அதைத் தறி எழுதும். தறி என்பது அவர்கள் அந்த இயந்திரத்துக்கு வைத்த செல்லப் பெயர். ஒவ்வொரு ஞாயிறு விடியலிலும் அது பழைய நிரல் முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக நெய்யும். நூல் எது என்றால், தாள்கள். மனிதர்கள் எழுதும் வடிவமைப்பு முடிவுகள். தாளில் இருப்பது நிரலில் இருக்கும். தாளில் இல்லாதது, போன வாரம் வரை ஒழுங்காக ஓடியிருந்தாலும், அடுத்த ஞாயிறு இருக்காது.

ஒரு தாளுக்கு மூன்று பத்தி. முடிவு, காரணம், எதிர்ப்பு. மூன்றாவதுதான் அந்த அலுவலகத்தின் கர்வம். அதன் தலைப்பில் ஒரு கேள்வி அச்சாகியிருக்கும்: இந்த முடிவு தோற்கும் நாள் எது? எழுதியவர் அல்லாத இன்னொருவர் அதற்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியவர் அதற்கு மறுபதில் சொல்ல வேண்டும். சண்டை போட்டுத்தான் அவர்கள் சேர்ந்து வேலை செய்தார்கள்.

தாள் பதினேழின் மூன்றாம் பத்தியில் இருந்தது ஒரே சொல். “சரி.” கீழே பிரிட்டோவின் கையெழுத்து.

நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம் அது. சட்டியில் சங்கரா மீன் பொரிந்துகொண்டிருந்தது. ஜெனிட்டா பலகைக்கணினியோடு அடுப்பு மேடையில் ஏறி உட்கார்ந்தாள்.

“எதிர்ப்பு எழுதித் தாடா. நாளைக்குக் கடைசி.”

“நீ எழுதினதுல என்ன தப்பு இருக்கப் போவுது? சரின்னு போட்டுக்க.”

“படிச்சியா?”

“படிக்கிறேன், படிக்கிறேன். மீன் கருகுது.”

“பிரிட்டோ, இந்தத் தாள்ல நீ என் புருசன் இல்ல. எதிராளி. சண்ட போடு.”

“நான் சரணடைஞ்சுட்டேன். தட்ட எடு.”

அவள் அவன் விரலைப் பிடித்து இழுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு திரையில் அழுத்தினாள். கோபம்தான். ஆனாலும் மீனைச் சாப்பிட்டாள்.

எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை தாளுக்கு அவரே ஜவாப்தாரி. போய்விட்டால் தொண்ணூறு நாளுக்குள் வேறொருவர் தத்து எடுக்க வேண்டும், மூன்று பத்தியும் நேர்மையாக நிரம்பியிருக்க வேண்டும். அதனால் தறி இப்போதுதான் அந்த “சரி”யை எதிர்ப்பே அல்ல என்று தூக்கி வெளியே வைத்தது.

“தத்து எடுக்க நான் தயார் மச்சான்,” என்றான் ரியாஸ். நாகூர்க்காரன், பிரிட்டோவின் பக்கத்து மேசை. இருவரும் வாசலில் தேநீரோடு நின்றார்கள். “ஆனா எதிர்ப்புப் பத்தி உன் பேர்ல இருக்கு. உன் கையெழுத்த நான் எப்படித் திருத்தறது?”

“எழுதறேன்டா.”

“இதையேதான் செப்டம்பர்லயும் சொன்ன. ஆமா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நம்ம விதியெல்லாம் முப்பது நாள், முப்பது நாள்னுதானே இருக்கு. இதுக்கு மட்டும் என்ன தொண்ணூறு?”

“தெரியல.”

“யாரோ புண்ணியவான் போட்டது,” என்று ரியாஸ் கிளாசைக் கவிழ்த்தான்.

அன்று பிற்பகல் பிரிட்டோ தாளைத் திறந்தான். ஜெனிட்டாவின் எழுத்து. அவள் எப்போதும் மதகுக் காவலர்களுக்குப் புரிகிற மாதிரிதான் எழுதுவாள்.

முடிவு: மையத்திலிருந்து ஆறு நிமிடம் பேச்சு வராவிட்டால் மதகு தானே முடிவெடுக்கட்டும். கடல் பக்கமும் உள் பக்கமும் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கட்டும். தன் அளவுகோல் பழுதாகி இருக்கலாம், அதனால் இரண்டு பக்கத்து மதகுகளையும் கரைக்கம்பி வழியாகக் கேட்கட்டும். இரண்டும் ஆமாம் என்றால் செய்யட்டும்.

காரணம், பத்து வரிக்கு மேல். அதன் முதல் வரி: மூளை தூங்கினாலும் கை நெருப்பிலிருந்து விலக வேண்டும்.

அவன் எதிர்ப்பு எழுதினான். செலவு கூடும்.

தறி உடனே திருப்பியது: இது குறை. தோற்கும் நாள் அல்ல.

ஒரு பக்கத்து மதகின் அளவுகோலும் பழுதானால்?

காரணப் பத்தி, நான்காம் வரியில் பதில் இருக்கிறது.

கரைக்கம்பி அறுந்தால்?

காரணப் பத்தி, ஏழாம் வரி.

ஏழு தடவை எழுதினான். ஏழு தடவையும் அவள் முன்பே பதில் எழுதி வைத்திருந்தாள். வீட்டில் பேசுவது போலவே இருந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் ஜெயித்துவிடுவாள். அவன் திரையை மூடினான்.

வெள்ளிக்கிழமை அவன் அலுவலகம் போகவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தெற்கே போனான். புதுத்துறை. நாற்பத்தோராம் மதகு, வரிசையில் கடைசி. ஜெனிட்டா பிறந்த ஊர். அடக்கத்துக்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் போகவில்லை.

மதகுக் காவலர் பாக்கியம் மழைக்கோட்டோடு மேடையில் நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்தாள்.

“வாங்க மாப்ள. மூணு மாசமா ஆளக் காணும். பொண்ணு போனா ஊரும் போயிடுச்சா?”

“வேலக்கா.”

“ஆமா, வேல. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.” குடுவையிலிருந்து கருப்பட்டிக் காபி ஊற்றிக் கொடுத்தாள். “என்னா விஷயம்?”

சொன்னான். தறி, தாள், சனிக்கிழமை. அவள் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தத் தாளு இல்லன்னா என்னாவும்?”

“ஞாயித்துக்கிழமையிலேர்ந்து இந்த மதகுக்குச் சொந்தமா புத்தி இருக்காது. மெட்ராசு சொன்னா மூடும். சொன்னா தொறக்கும்.”

“மெட்ராசு பேசலன்னா?”

“பேசும்க்கா. நாலு வருசமா ஒருநாள்கூட நின்னதில்ல.”

“எம் புருசனும்தான் பதினாறு வருசம் பேசினான். துபாய்க்குப் போனான், நிறுத்திட்டான்.” அவளே சிரித்துக்கொண்டாள். “சரி, நீங்க இப்ப என்னா எழுதணும்?”

“ஜெனி எழுதினது எங்க தப்பும்னு எழுதணும். எழுதினாத்தான் அது பொழைக்கும்.”

“இதென்ன கூத்து? பொண்டாட்டி தப்புன்னு எழுத ஒரு ஆம்பளைக்கு மூணு மாசமா?”

அவன் காபியைக் குடித்து முடித்தான். எழுந்து மேடையின் தெற்கு ஓரத்துக்குப் போனான். இருநூறு அடி தள்ளி, வடிகாலின் இன்னொரு கிளை மணலில் பிரியும் இடத்தில், ஒரு கான்கிரீட் மேடை பாதியில் நின்றது. கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. மேலே ஐந்தாறு ஆடுகள் படுத்திருந்தன.

“அதுங்க வீடு,” என்றாள் பாக்கியம் பின்னாலிருந்து. “உங்க ஆளுங்க கட்டாம விட்டுட்டுப் போன நாப்பத்திரண்டு. ஜெனி மூணு நாள் இங்கயே உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தப்ப சொல்லுவா, ‘தெக்கயும் ஒரு மதகு வருதுக்கா, உங்க மதகுக்குப் பேச்சுத் துணையாச்சு’ன்னு. ஆடுதான் வந்துச்சு.”

பிரிட்டோ திரும்பவில்லை.

நாற்பத்திரண்டாம் மதகு ரத்தான கூட்டத்தில் அவன் இருந்தான். ஒப்பந்தக்காரர்களோடு பேசுவது அப்போது அவன் வேலை. பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தான். வரும் வழியில் மீன் வாங்கினான். அந்தச் சங்கரா மீன்.

அவன் கணினியை எடுத்தான். நாற்பத்தோராம் மதகின் பக்கத்து மதகுகள் யார் என்று தறியைக் கேட்டான்.

நாற்பது. நாற்பத்திரண்டு.

நாற்பத்திரண்டு எப்படிச் சோதிக்கப்பட்டது?

மாதிரி மதகு வைத்துச் சோதிக்கப்பட்டது. எல்லாச் சோதனையிலும் ஒழுங்காகப் பதில் சொன்னது.

வடகோடியில் ஒன்றாம் மதகுக்குச் சிக்கல் இல்லை. அதற்கு அப்பால் நீரேற்று நிலையம் இருக்கிறது, அது பதில் சொல்லும். இங்கே ஆடுகள்தான்.

“அக்கா,” என்றான். “தாள் தப்பு.”

“என்னாது?”

“மெட்ராசு பேச்சு நின்னா எல்லா மதகும் பக்கத்துல கேட்டுட்டு மூடிக்கும். இது மட்டும் மூடாது. நாப்பது ஆமாம்னு சொல்லும். அப்புறம் நாப்பத்திரண்டக் கேக்கும். அது இல்ல. பதில் வர்ற வரைக்கும் இது வாயத் தொறந்துக்கிட்டு நிக்கும்.”

பாக்கியம் மதகையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப எங்க ஊரு பொண்ணு எங்களையே முழுகடிச்சிருப்பா.”

“அவ இல்லக்கா. எழுதறப்ப அவளுக்கு நாப்பத்திரண்டு வராதுன்னு தெரியாது. எனக்குத் தெரியும். படிச்சிருந்தா சொல்லியிருப்பேன். படிக்கல.”

இதைச் சொன்னபோது அவன் குரல் உயர்ந்திருந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவை. ஆடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

அங்கேயே, மேடையில் உட்கார்ந்து, எழுதினான். இந்த முடிவு தோற்கும் நாள், மையம் பேசாத முதல் நாள். தோற்கும் இடம், புதுத்துறை. நாற்பத்திரண்டாம் மதகு கட்டப்படவில்லை. எதிர்ப்பாளருக்கு அது தெரிந்திருந்தது. அவர் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

எதிர்ப்பு ஏற்கப்பட்டது, என்றது தறி. அடுத்த வரி வந்தது: ஜெனிட்டா அவர்களின் மறுபதிலுக்காகக் காத்திருக்கிறது.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரியாசைக் கூப்பிட்டான்.

“தத்து எடுக்கறேன்னியே. இப்ப எடு. மறுபதில் நீதான் எழுதணும். நான் எதிராளி.”

“எதிர்ப்பு என்ன?”

சொன்னான். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“யா அல்லாஹ்,” என்றான் ரியாஸ். “நாலு வருசமா இப்படியேவா ஓடுது?”

“பக்கத்துல மதகு இல்லன்னா வேற யாரக் கேக்கறது, அத யோசி.”

பாக்கியம் குறுக்கிட்டாள். “அதுக்கு எதுக்கு இவ்ளோ யோசன? நான் இங்க என்னா ஆடு மேய்க்கவா நிக்கிறேன்?” அவள் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டினாள். அதன்மேல் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குப் பூட்டு. “வச்சிருக்காங்க, பூட்டியும் வச்சிருக்காங்க. அமுக்கினா யாரக் கேட்டு அமுக்கினேன்னு மெட்ராசு விளக்கம் கேக்கும்.”

பிரிட்டோ பூட்டைப் பார்த்தான்.

“கேட்டியாடா?” என்றான் போனில்.

“கேட்டேன்,” என்றான் ரியாஸ். “எழுதிக்கிட்டிருக்கேன்.”

சனிக்கிழமை நான்கு மணிக்குக் கூட்டம். பெரிய திரையில் சென்னை ஆலோசகர் விஸ்வேஷ். தாள் அறுபது அவருடையது. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு சின்னக் கட்டங்கள், முகம் காட்டாமல், வெறும் பெயர்கள்.

“பிரிட்டோ சார், உங்க இழப்பு எனக்குத் தெரியும்,” என்றார். நிஜமாகவே சொன்னார். “ஆனா நீங்களே எதிர்ப்புல எழுதியிருக்கீங்க, பதினேழுல ஓட்டை இருக்குன்னு.”

“இருந்துச்சு. ரியாஸ் மறுபதில் எழுதியிருக்கார்.”

“இன்னும் ஒரு ஒட்டுப்போடறோம், அவ்ளோதானே? நாப்பத்தோரு குட்டி மூளைகளுக்குப் பதிலா ஒரு பெரிய மூளை. மையத்துக்கு மூணு வழியில இணைப்பு இருக்கு. ரெண்டு கம்பி, ஒரு செயற்கைக்கோள். போன குறுவையில பன்னெண்டாயிரம் ஏக்கர உப்புத் தண்ணிலேர்ந்து காப்பாத்தினது மையம்தான். உங்க மதகுகள் தனித்தனியா யோசிச்சிருந்தா முடிஞ்சிருக்காது.”

அது உண்மை. சுகந்தி மெல்லத் தலையாட்டினாள்.

“இவன் நல்லவனாவும் இருக்கான்,” என்று ரியாஸ் பிரிட்டோவின் காதருகே முனகினான். “அதான் கஷ்டமா இருக்கு.”

பிரிட்டோ எழுந்தான். “தாள் அறுபதோட மூணாவது பத்தியக் கொஞ்சம் காட்டுங்க மேடம்.”

சுகந்தி திறந்தாள். சென்னையிலிருந்து வந்ததென்று அதுவரை யாரும் அந்தப் பத்தியைப் பார்த்திருக்கவில்லை.

“சரி.” கீழே, ஹரிணி.

எல்லாரும் திரையை எட்டிப் பார்த்தார்கள். ரியாசுக்கு மட்டும் மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஹரிணி யாரு சார்?” என்றான் பிரிட்டோ.

“என் டீம்ல இருக்காங்க.”

“அவங்களுக்கு லீவு வேணும்னா யாரக் கேக்கணும்?”

விஸ்வேஷ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்னைத்தான்.”

“எங்க வீட்டுல இது அடுப்படியில நடந்துச்சு சார். உங்ககிட்ட ஏசி ரூம்ல. என் பொண்டாட்டிய எதிர்த்து எழுத எனக்கு மனசு வரல. உங்கள எதிர்த்து எழுத அவங்களுக்குத் தைரியம் வரல. ரெண்டும் ஒரே தப்புதான். எங்க தப்பு ஒரு ஊர முழுகடிச்சிருக்கும். உங்களது என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியாது. ஏன்னா யாரும் எழுதல.”

சின்னக் கட்டம் ஒன்றில் விளக்கு எரிந்தது. ஒரு பெண் குரல், தயங்கித் தயங்கி.

“சார்… நான் சொல்லலாமா?”

“சொல்லுங்க ஹரிணி.”

“மூணு இணைப்பும் ஒரே கட்டடத்துலதான் சார் வந்து முடியுது. அந்தக் கட்டடத்து ஜெனரேட்டர் தரைக்குக் கீழ இருக்கு. பெருமழை வந்தா…” நிறுத்தினாள். “நான் போய்ப் பாத்துட்டு வந்தேன் சார்.”

“ஏன் முன்னாடியே சொல்லல?”

“நீங்க கேக்கல சார். கையெழுத்துதான் கேட்டீங்க.”

விஸ்வேஷ் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

“அறுபத நான் திரும்ப எடுத்துக்கறேன்,” என்றார்.

சுகந்தி கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து ஐம்பத்திரண்டு. “ரியாஸ், மறுபதிலப் படிங்க.”

ரியாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான். “பக்கத்து மதகு இல்லாத இடத்தில், பக்கத்தில் நிற்கும் ஆளே பக்கத்து மதகு. மதகு காவலரைப் பெயர் சொல்லிக் கேட்கட்டும். அவர் பொத்தானை அழுத்தினால் ஆமாம் என்று அர்த்தம். அதற்கு விளக்கம் கேட்கக் கூடாது. பெட்டியின் பூட்டை எடுத்துவிட வேண்டும்.”

“பூட்டு தாள்ல வருமா?” என்றாள் சுகந்தி.

“வரணும் மேடம்,” என்றான் பிரிட்டோ.

ஐந்து ஐம்பத்தேழுக்கு அவள் கையெழுத்துப் போட்டாள். தாள் பதினேழு, நெசவுக்குத் தயார்.

ஞாயிறு விடியலில் தறி நெய்தது. திங்கட்கிழமை ஒரு ஆள் போய்ப் பூட்டை உடைத்தார். சாவியை யாரும் பார்த்ததில்லையாம்.

செவ்வாய்க்கிழமை புயல்.

அது சென்னைக்கும் நாகைக்கும் சேர்த்து மழையைக் கொண்டுவந்தது. காலை பத்து நாற்பதுக்கு அலுவலகத்தின் பெரிய திரையில் ஒன்றாம் மதகின் பச்சைப் புள்ளி சாம்பலானது. பிறகு இரண்டு, மூன்று. ஒரு நிமிடத்துக்குள் நாற்பத்தொன்றும் சாம்பல். மையம் பேசவில்லை. மூன்று வழியிலும் பேசவில்லை.

“இப்ப என்ன செய்யணும்?” என்றாள் சுகந்தி.

“ஒண்ணும் செய்ய வேணாம் மேடம்.”

“ஒண்ணுமா?”

“நம்மால ஒண்ணும் செய்ய முடியாதபோது ஓடணும்னுதான் அவ இத எழுதினா.”

ஐந்து பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பத்து நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆறாவது நிமிடம் முடிந்தபோது திரையில் எதுவும் மாறவில்லை. மாறினாலும் தெரியாது. கரை நெடுக நாற்பத்தோரு இரும்புக் கதவுகள் ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்கின்றனவா? பிரிட்டோவின் உள்ளங்கை வியர்த்தது. வியர்க்கிறது என்று தெரிந்தது. ரொம்ப நாளாக உடம்பில் எதுவும் தெரிந்ததில்லை.

ரியாஸ் எல்லாருக்கும் தேநீர் போட்டான். “நல்லாக் கட்டின சிஸ்டத்துக்கு இதான் லட்சணம் போல. கட்டினவன் வேலையில்லாம டீ குடிக்கிறான்.” யாரும் சிரிக்கவில்லை. அவன் கிளாசும் பாதி சிந்தியிருந்தது.

மூன்று இருபதுக்குப் பிரிட்டோவின் போன் அடித்தது. காற்றும் இரைச்சலுமாக ஒரு குரல். அவன் ஒலிபெருக்கியைத் தட்டினான்.

“மாப்ள! எத்தன தடவ கூப்பிடறது!”

“அக்கா, மதகு?”

“மதகுக்கென்ன, மகாராணி மாதிரி நிக்கிறா. கடல் வந்து அவ நெத்திய முட்டிட்டுப் போச்சு. நான் மேல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“எப்ப மூடுச்சு?”

“பத்து நாப்பத்தேழு. பலகையில எழுத்து வந்துது. ‘கடல் ஏறுகிறது. நாற்பதாம் மதகு மூடச் சொல்கிறது. பாக்கியம், மூடலாமா?’ன்னு. எம் பேரப் போட்டுக் கேட்டுச்சு மாப்ள! இத்தன வருசத்துல எந்த ஆபீசரும் என்னைய ஒரு வார்த்த கேட்டதில்ல.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மூடித் தொலைன்னு சொல்லி ஒரு குத்து குத்தினேன் பாரு!”

ரியாஸ் மேசைமேல் ஏறி விசிலடித்தான். சுகந்தி நாற்காலியில் சரிந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“மழ கொட்டி உள்ள தண்ணி ஏறினதும் மறுபடி கேட்டுச்சு, தொறக்கலாமான்னு. அதுக்குள்ள கடல் எறங்கியிருந்துச்சு. தொறன்னேன். ஊருக்குள்ள கணுக்கால் தண்ணிகூட இல்ல. கோயில் மணி அடிக்கிறாங்க, கேக்குதா? இருங்க, வெளிய நீட்டறேன்.”

இரைச்சலுக்கு நடுவே மெலிதாகக் கேட்டது. பிரிட்டோவுக்கு அந்த மணி தெரியும். அவனுக்கும் ஜெனிட்டாவுக்கும் கல்யாணத்தன்று அடித்த மணி.

“ஆடுங்க?” என்று கேட்டான்.

“நேத்தே ஓட்டிட்டு வந்துட்டேன். எம் வீட்டுக்குள்ளதான் நிக்குதுங்க, அட்டகாசம் பண்ணிக்கிட்டு.”

மாலை ஆறு மணிக்கு மையம் பேசியது. சாம்பல் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஐந்து பேரும் உரக்க எண்ணினார்கள். நாற்பத்தொன்று வந்ததும் கத்தினார்கள். ஒவ்வொரு மதகும் தன் குறிப்பை அனுப்பியிருந்தது, எப்போது மூடினேன், யாரைக் கேட்டேன் என்று. ஒன்றுகூடத் தவறவில்லை.

ஹரிணியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஜெனரேட்டர் அறையில் இடுப்பளவு தண்ணீர். சார் கோபப்படவில்லை. இனி அவருடைய எல்லாத் தாளுக்கும் நான்தான் எதிர்ப்பு எழுத வேண்டுமாம். துணைக்கு இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பிரிட்டோ சீக்கிரம் வந்தான். ரியாஸ் கேட்ட கேள்வி ஒன்று மண்டைக்குள் இருந்தது. தத்து விதிக்கு மட்டும் ஏன் தொண்ணூறு நாள்? தறியைக் கேட்டான்.

தாள் மூன்று, என்றது தறி. ஒன்பது ஆண்டுக்கு முந்தையது. எழுதியவர் ஜெனிட்டா. எதிர்ப்பாளர் பிரிட்டோ.

அவனுக்கு நினைவே இல்லை. அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். அவளோடு சாப்பாட்டு வரிசையில்கூடப் பேசியதில்லை அப்போது.

முடிவு: எழுதியவர் விலகினாலோ இறந்தாலோ, முப்பது நாளில் வேறொருவர் தத்து எடுக்க வேண்டும்.

எதிர்ப்பு நீளமாக இருந்தது. இருபத்து நான்கு வயதுக்காரனின் திமிர் ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. கடைசி வரி: இந்த முடிவு தோற்கும் நாள், இறந்தவருக்கு வேண்டியவர் இதே அலுவலகத்தில் இருக்கும் நாள். அவர் முப்பது நாளில் அந்தத் தாளைத் திறக்கக்கூட மாட்டார்.

கீழே அவள் மறுபதில்.

ஒப்புக்கொள்கிறேன். தொண்ணூறு நாள். அதற்கு மேலும் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால் மதகை யார் பார்ப்பது?

பிரிட்டோ சிரித்தான். சத்தமாக. அறையில் யாருமில்லாததால் அது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

கதவு திறந்தது. ரியாஸ், தலையில் தொப்பியும் கையில் புதுத் தாளுமாக. “என்ன மச்சான், தனியா சிரிக்கிற? சரி, இத ஒரு நிமிசம் பாரு. எதிர்ப்புல சரின்னு போட்டுத் தந்துடு. ஜும்மாவுக்கு முன்னாடி அனுப்பிடணும்.”

பிரிட்டோ பக்கத்து நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டான்.

“உக்காரு,” என்றான். “முழுசாப் படிக்கணும்.”